கூரையோரத்துக் கறுப்புப் பட்டை

அடுத்த முறை பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும்போது, வயதான கார்களின் கூரையைச் சற்றுக் கவனியுங்கள். முன்கண்ணாடியின் மேல்மூலையில் தொடங்கிப் பின்கண்ணாடி வரை, இரு பக்கமும், விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை ஓடும். புரோட்டோன் வீரா, பெரோடுவா கஞ்சில் போன்ற 1990ஆம் ஆண்டுகளின் கார்களில் இதைப் பார்க்கலாம். சில கார்களில் அது சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். சிலவற்றில் நுனி சுருண்டு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டில் பட்டையே இருக்காது. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளமும், அதில் மட்கிப்போன இலைத்தூளும்தான் மிஞ்சியிருக்கும்.

"அழகுக்கு வைத்தது, போனால் போகட்டும்" என்றே பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டைக்குக் கீழே காரின் முக்கியமான ஒரு தையல் இருக்கிறது. அதை எப்படிக் கழற்றுவது, எப்படிச் சுத்தம் செய்வது என்று பார்க்கப் புகுந்தால், உங்கள் பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கும் பல செய்திகள் இந்த ஒன்றரை மீட்டர் நீளத்துக்குள் வந்து சேர்ந்துவிடும்.

கூரையும் பக்கமும் சேரும் இடம்

காரின் உடல் ஒரே தகட்டால் ஆனதன்று. கூரை ஒரு தகடு. கதவுகளைச் சுற்றியுள்ள பக்கச்சட்டம் வேறொரு தகடு. இரண்டும் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு. இவற்றின் ஓரங்களைக் கீழ்நோக்கி மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பார்கள். இரண்டு செப்பு முனைகளுக்கு நடுவே தகடுகளை அழுத்திப் பிடித்து, ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்துக்குப் பல ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினால் போதும். செப்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்திவிடும். எஃகும் எஃகும் தொடும் இடத்தில்தான் மின்தடை மிகுதி. வெப்பமும் அங்குதான் மிகுதி. அந்த ஒரு புள்ளி உருகி, இரண்டு தகடுகளும் ஒன்றாகிவிடும்.

கவனியுங்கள், ஒட்டியிருப்பது புள்ளிகளில் மட்டுமே. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவே தவிர, இணையவில்லை. சட்டையில் பொத்தான் போட்ட பிறகும் பொத்தான்களுக்கு இடையே காற்று நுழைகிறதல்லவா, அதைப் போல. எனவே அந்தப் பள்ளம் முழுவதும் பசை போன்ற ஓர் அடைப்பானைத் தடவி, மேலே சாயம் பூசி, அதற்கும் மேலே பட்டையைப் பொருத்துகிறார்கள். பட்டை அடைப்பானைப் பார்வையிலிருந்து மறைக்கிறது, வெயிலிலிருந்தும் காக்கிறது.

இன்னும் பழைய கார்களில், அதாவது தாத்தா காலத்து மோரிஸ் மைனர், வோக்ஸ்வாகன் பீட்டல், டட்சன் போன்றவற்றில், இந்த மடிப்பு பள்ளமாக இல்லாமல் வீட்டுக்கூரைத் தகரத்தின் தூம்பு போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழைநீர் கதவின் மேல் வழியாமல் முன்னும் பின்னும் ஓடிவிழ அது உதவியது. பளபளக்கும் உலோகப் பட்டையை அந்தத் தூம்பின் விளிம்பில் கவ்வ வைத்திருப்பார்கள். காற்று எதிர்ப்பைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும், காற்றின் இரைச்சலையும் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தபோது, நீட்டிக்கொண்டிருந்த தூம்பு பள்ளத்துக்குள் போனது.

இன்று வெளிவரும் சில கார்களின் கூரையில் பட்டையே இல்லை. அவற்றில் லேசர் ஒளியால் செப்பும் சிலிக்கனும் கலந்த கம்பியை உருக்கி, இணைப்பு முழுவதையும் ஒரே கோடாக நிரப்பிவிடுகிறார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

கறுப்பு ஏன் வெளுக்கிறது?

பட்டை பெரும்பாலும் பிவிசி நெகிழியால் அல்லது செயற்கை ரப்பரால் ஆனது. கறுப்பு நிறம் தருவது கரித்தூள். அது நிறத்துக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. புற ஊதாக் கதிரை உறிஞ்சி, நெகிழியைக் காக்கும் கவசமும் அதுதான். கார் டயர் கறுப்பாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

நெகிழி என்பது கரிம அணுக்கள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. இரண்டு கரிம அணுக்களுக்கு இடையேயுள்ள பிணைப்பை அறுக்க, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் உள்ளது ஏறத்தாழ 220 கிலோ ஜூல்தான், அதனால் முடியாது. ஆனால் 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரில் 400 கிலோ ஜூல் இருக்கிறது. பிணைப்பு அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் புகுந்துகொண்டு, அறுக்கும் வேலையைத் தொடர்கிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு அருகில். ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் தலைக்கு மேல். புற ஊதா அளவெண் இங்கே 11ஐத் தொடும் நாட்களும் உண்டு. காரின் மற்ற பகுதிகளைவிடக் கூரைக்குத்தான் இந்த வெயில் முழுதாகக் கிடைக்கிறது.

மேற்பரப்பிலுள்ள சங்கிலிகள் அறுந்து உதிர்ந்ததும், அங்கே கண்ணுக்குத் தெரியாத குழிகளும் மேடுகளும் உண்டாகின்றன. நெகிழியோடு கலந்திருந்த வெள்ளை நிரப்புத்தூளும் வெளியே தலைகாட்டுகிறது. விரலால் தேய்த்தால் சாக்கட்டி போல ஒட்டுவது அதுதான்.

இப்போது ஒரு சோதனை. வெளுத்துப்போன பட்டையின் மேல் ஈர விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் மட்டும் புதிது போலக் கறுத்துவிடும். தண்ணீர் காய்ந்ததும் மீண்டும் வெளுத்துவிடும். அழுக்கு போய்விட்டதா? இல்லை. கரடுமுரடான பரப்பில் விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால்தான் அது வெளிறித் தெரிகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1.0, நெகிழியின் எண் ஏறத்தாழ 1.5. இந்த வேறுபாடு மிகுந்தால் சிதறலும் மிகும். குழிகளில் தண்ணீர் நிறைந்ததும், ஒளி 1.33 உள்ள நீரிலிருந்து 1.5க்குப் போகிறது, சிதறல் குறைகிறது, உள்ளே இருக்கும் கரியின் கறுப்பு தெரிகிறது. மழையில் நனைந்த தார்ச்சாலை கறுத்துத் தெரிவதும் இப்படித்தான். கடைகளில் கிடைக்கும் "கறுப்பாக்கும்" எண்ணெய்களில் பல செய்வதும் இதையேதான். தண்ணீர் ஐந்து நிமிடத்தில் காய்கிறது, சிலிக்கோன் எண்ணெய் சில வாரம் நிற்கிறது. அறுந்த சங்கிலியை எந்தக் குப்பியும் மறுபடி கோப்பதில்லை. விளம்பரத்தைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை சுருங்குவதற்குக் காரணம் வேறு. பிவிசி இயல்பிலேயே விறைப்பானது. தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அதை வளையச் செய்ய நெகிழ்வூட்டி என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது. (வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடியில் உட்புறமாகப் படியும் மங்கலான படலத்தில், உள்ளேயுள்ள நெகிழிப் பாகங்களிலிருந்து வந்த இந்தப் பொருளும் உண்டு.) உள்ளே இருந்த ஒன்று வெளியே போய்விட்டால் பட்டையின் பருமன் குறையத்தானே வேண்டும்? நீளம் குறைந்து முன்கண்ணாடி அருகே இடைவெளி தெரிகிறது. விறைப்பும் கூடுவதால், வளைத்தால் உடைகிறது.

110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கணக்கு

நுனி தூக்கிக்கொண்ட பட்டையை அலட்சியம் செய்யலாமா? கணக்குப் போடுவோம். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 30.6 மீட்டர். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனக் கொள்வோம். அடர்த்தியின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் காற்று தரும் அழுத்தம் கிடைக்கும்: ஏறத்தாழ 560 பாஸ்கல். பட்டை ஒன்றரை மீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 0.03 சதுர மீட்டர். முழுப் பட்டையின் அடியிலும் காற்று புகுந்துவிட்டால், ஏறத்தாழ 17 நியூட்டன் விசை அதைத் தூக்கும். 1.7 கிலோ எடையை மேல்நோக்கி இழுப்பதற்குச் சமம். காய்ந்துபோன கவ்விகள் இதைத் தாங்குமா என்பது ஐயமே.

வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் ஊருக்குள் மெல்ல ஓட்டும்போது வெறுமனே படபடத்த பட்டை, நெடுஞ்சாலையில் ஏறியதும் பிய்ந்து பறக்கிறது. பின்னால் வருவது லோரி என்றால் பரவாயில்லை. மோட்டார் சைக்கிளில் வருபவர் ஒருவர் என்றால்? நம் சாலைகளில் காருக்குப் பின்னால் எப்போதும் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வெளுத்த பட்டையைச் சரிசெய்யாமல் இன்னும் பத்து வருடம் விடலாம். தூக்கிக்கொண்ட பட்டையை ஒரு வாரம்கூட விடக்கூடாது என்பது என் கருத்து.

அடியில் நடப்பது

பட்டைக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள வெளி மிகவும் குறுகியது. குறுகிய வெளிக்குள் தண்ணீர் தானாகவே ஏறிக்கொள்ளும். இது நுண்புழை விளைவு. இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்து ஓரத்தை நீரில் தொட்டால் நீர் மேலேறுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அப்படி நுழைந்த நீரை வெயில் எளிதில் காயவைக்க முடியாது. போதாக்குறைக்கு மரத்தடியில் நிறுத்தினால் இலைத்தூளும் மண்ணும் சேர்ந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பஞ்சாகிவிடும். கார் ஓடும்போது பட்டை நுணுக்கமாக அதிர்கிறது. இடையில் மாட்டிய மணல் சாயத்தை அறுக்கிறது. மணல் குவார்ட்ஸ், சாயத்தைவிட மிகவும் கடினம்.

சாயம் அறுந்து எஃகு தெரிந்ததும் துரு தொடங்குகிறது. இதில் வியப்பான ஒரு செய்தி உண்டு. துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் காற்று நன்றாகப் படும் வெளிப்பகுதியில்தானே அரிப்பு மிகவேண்டும்? நடப்பது எதிர்மாறு. ஆக்சிஜன் மிகுந்துள்ள விளிம்புப் பகுதி எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் இடமாகவும், ஆக்சிஜன் குறைந்த இடுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் இடமாகவும் மாறி, நடுவேயுள்ள அழுக்கு நீர் வழியாக ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. எலெக்ட்ரானை இழக்கும் இரும்புதான் கரையும். ஆகவே அரிப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத இடுக்கில்தான் ஆழமாகப் போகிறது. வெளியே மிளகு அளவில் ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே கதை நீளமாக இருக்கலாம்.

உலோகப் பட்டை என்றால் இன்னொரு தொல்லையும் சேரும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டையும் சாதாரண எஃகுக் கூரையும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால், கூரை எஃகுதான் கரையும். சாயத்தில் விழுந்த கீறல் மிகச் சிறியது, பட்டையோ மிகப் பெரியது. பெரிய பரப்பு இழுக்கும் எலெக்ட்ரான் அத்தனையும் அந்தச் சிறு கீறலிலிருந்தே வரவேண்டும். அங்கே அரிப்பு வேகமெடுக்கும்.

துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். எனவே அது அடைப்பானை உள்ளிருந்தே தூக்கிப் பிளக்கிறது. பிளவு வழியாக நீர் கூரைத்துணிக்குள் இறங்கி, முன்தூணின் உட்புறம் வழிந்து, கால்விரிப்பில் தேங்குகிறது. வீட்டில் எல்லோரும் முன்கண்ணாடியைக் குறை சொல்வார்கள். புதிய ரப்பரும் போடுவார்கள். அடுத்த மழையில் மீண்டும் கால்விரிப்பு நனையும்.

கழற்றும் முன் யோசிக்கவேண்டியது

பட்டை உறுதியாக இருக்கிறது, கொப்புளம் இல்லை, உள்ளே நீர் கசியவில்லை என்றால் கழற்றாமல் அப்படியே வைத்துச் சுத்தம் செய்வதே நல்லது. காரணம், பழைய கார்களின் உலோகப் பட்டைகள் பலவற்றை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. வளைந்துபோனால் வளைந்ததுதான். பட்டையின் முன்நுனி முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில் புகுந்திருந்தாலும் வீட்டில் கை வைக்காதீர்கள். அதைக் கண்ணாடிக் கடைக்காரரிடம் விடவேண்டும்.

கழற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் காரின் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். அப்பாவையோ மாமாவையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த வேலைக்கு நான்கு கைகள் வேண்டும். ஆடாத முக்காலியின் மேல் நில்லுங்கள். டயரில் ஏறி நிற்காதீர்கள். உலோகப் பட்டையின் உள்விளிம்பு கத்தி போல அறுக்கும், கையுறை கட்டாயம்.

நேரமும் முக்கியம். உச்சிவெயிலில் கூரை தொடமுடியாத அளவுக்குக் கொதிக்கும், சாயமும் மென்மையாகும். விடியற்காலையில் நெகிழி விறைத்திருக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கு நிழலில் செய்வது வாகானது. நகத்தால் பட்டையை அழுத்துங்கள். தடம் பதிந்து மெல்ல மறைந்தால் அதில் இன்னும் நெகிழ்வு இருக்கிறது. சற்றும் பதியவில்லை என்றால், தலைமுடி உலர்த்தியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சூடுகாட்டிக்கொண்டே வேலை செய்யவேண்டும்.

நெம்புவதற்குத் திருப்புளியை எடுக்கவே கூடாது. காரின் சாயப் படலங்கள் அனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம்தான். திருப்புளியின் முனை சிறியது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்பதால், நீங்கள் மெல்ல அழுத்தினாலும் அங்கே அழுத்தம் மிகப் பெரிதாக இருக்கும். நெம்புகோல் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதாரப் புள்ளியிலிருந்து உங்கள் கை 20 சென்டிமீட்டர், முனை 2 சென்டிமீட்டர் என்றால், நீங்கள் தரும் 20 நியூட்டன் அங்கே 200 நியூட்டன் ஆகிறது. அகலமான நெகிழி நெம்பியோ, சாயமிடுவோர் ஒட்டும் காகித டேப் சுற்றிய மரச்சட்டமோ போதும். கருவி ஊன்றும் இடத்தில் கூரைமேல் இரண்டு மடிப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

பள்ளத்தில் அமர்ந்த பட்டைகள் சிலவற்றில் கவ்விகள் பிடித்திருக்கும். சில வெறுமனே அழுத்திச் செருகியவை. சில இருபக்க நுரை டேப்பில் ஒட்டியவை. கவ்வி என்றால் ஒரு நுனியைப் பிடித்து வாழைப்பழத் தோல் போல உரிக்காதீர்கள். கவ்வி இருக்கும் இடத்துக்கு மிக அருகில் நெம்பி, சில மில்லிமீட்டர் தூக்கி, அடுத்ததற்குப் போய், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். உலோகத்தை மெல்ல வளைத்தால் திரும்பி வந்துவிடும். மீள்மை எல்லையைத் தாண்டினால் அந்த இடத்தில் மடிப்பு நிரந்தரம். வெயிலில் அந்த மடிப்பு ஒரு கோடாக மின்னிக்கொண்டே இருக்கும்.

தூம்பைக் கவ்விய பழைய பட்டைகளுக்கு வழி வேறு. அவற்றின் கீழ்விளிம்பை மெல்ல வெளிப்பக்கமாக விடுவித்து, பிறகு மேல்நோக்கி உருட்டி எடுக்கவேண்டும். சோடாப் புட்டி திறப்பான் போன்ற வளைந்த முனைக் கருவிதான் இதற்கு வாகானது. முனையில் துணி டேப் சுற்றியிருக்கவேண்டும்.

நுரை டேப் என்றால் அவசரம் ஆகாது. அந்தப் பசை பாதி திரவம், பாதி திடம் போன்றது. வெடுக்கென்று இழுத்தால் திடப்பொருளாக நின்று சாயத்தையும் சேர்த்துப் பிய்க்கும். சூடுகாட்டி மெல்ல இழுத்தால் பாகு போல நீண்டு விட்டுக்கொடுக்கும். மீன்பிடி நரம்பை இடையில் நுழைத்து, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தால் இன்னும் எளிது. மிஞ்சிய பசையில் சமையல் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டுத் துடையுங்கள். ஒத்த தன்மையுள்ளது ஒத்ததைக் கரைக்கும் என்ற வேதியியல் விதி இது. தின்னர் இன்னும் வேகமாகக் கரைக்கும். பசையோடு சேர்த்துப் பட்டையையும் சாயத்தையும்.

கழுவுவதற்கு முன் உலோகத்தை அடையாளம் காணுங்கள்

கறுப்பு நெகிழிப் பட்டைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கார் சவர்க்காரம் கலந்த நீர், பழைய பல்துலக்கி, பொறுமை. குழிகளில் அப்பிய வெள்ளை மெழுகுக்கு மட்டும் பென்சில் அழிப்பானைப் பயன்படுத்திப் பாருங்கள், நன்றாக வேலை செய்யும். பெட்ரோல் வேண்டாம், மிச்சமிருக்கும் நெகிழ்வூட்டியையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும்.

வெள்ளி நிறப் பட்டையில்தான் சிக்கல். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மூன்று பொருள்கள் உண்டு: துருப்பிடிக்காத எஃகு, ஆக்சைடு பூச்சுள்ள அலுமினியம், குரோமியம் பூசிய நெகிழி. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றன்று.

துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடுத் தோலை உண்டாக்குகிறது. தேய்த்து எடுத்தாலும் அந்தத் தோல் தானாகவே மீண்டும் வளரும். எனவே மெருகுப்பசை போட்டுத் தேய்க்கலாம், கவலையில்லை.

அலுமினியத்துக்கு அப்படியன்று. அதன் மேலுள்ள தோல் தொழிற்சாலையில் மின்னாற்பகுப்பு மூலம் வேண்டுமென்றே தடிப்பாக வளர்க்கப்பட்டது. தேய்த்துப் போக்கிவிட்டால் வீட்டில் அந்தத் தடிப்பு திரும்பாது. அலுமினிய ஆக்சைடு ஈரியல்புடையது என்று படித்திருப்பீர்கள்: அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அடுப்பு சுத்தம் செய்யும் திரவங்களில் சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள ஒன்றைத் தெளித்தால், சில நிமிடங்களில் பட்டை வெளிறித் திட்டுத் திட்டாகிவிடும். சக்கரம் கழுவும் அமிலமும் அப்படியே. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம்தானே என்று எடுத்து அடித்துவிட்டுப் பிறகு வருந்துவோர் நிறைய. மென்மையான சவர்க்காரமும் மென்மையான துணியும் மட்டுமே அலுமினியத்துக்கு.

எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? கழற்றிய பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்றில் எஃகுதான் கனக்கும். அதன் அடர்த்தி அலுமினியத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. காந்தத்தை நம்பாதீர்கள். துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளைக் காந்தம் இழுக்கும், சிலவற்றை இழுக்காது. பட்டையின் உட்புறத்தில், யாரும் பார்க்காத இடத்தில், சிறிது மெருகுப்பசையைத் தொட்டுத் துணியால் தேய்ப்பது இன்னொரு வழி. துணி உடனே மையாகக் கறுத்தால் அது பூச்சு இழந்த வெறும் அலுமினியம். குரோமியம் பூசிய நெகிழியைத் தட்டினால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். அதன் மேலுள்ள குரோமியப் படலம் ஒரு மைக்ரோமீட்டரை எட்டுவதே அரிது. அதைத் தேய்க்கத் தேய்க்க வெளியே வருவது அடியிலுள்ள நிக்கலின் மஞ்சள் சாயல்தான்.

பள்ளத்தைக் கழுவும்போது உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். முதலில் நீர் ஊற்றி மணலை ஓடவிட்டு, மென்மையான தூரிகையால் எடுத்து, பிறகு நன்றாக உலர விடுங்கள். உலர்ந்த பிறகு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், அடைப்பானில் உள்ள விரிசல் நிழலாகத் தெரியும். ஐயம் இருந்தால் ஒருவர் காருக்குள் அமர்ந்து பார்க்க, மற்றவர் மெல்லிய தாரையாகப் பள்ளத்தில் நீர் ஊற்றலாம்.

மேலோட்டமான துரு மட்டும் என்றால் மணல்தாளால் தேய்த்து, துரு மாற்றி தடவி, அடிச்சாயமும் மேற்சாயமும் பூசலாம். துரு மாற்றிகள் சிலவற்றில் இருப்பது டானிக் அமிலம். அது துருவோடு சேர்ந்து, கறுநீல நிறத்தில் கரையாத ஒரு சேர்மமாகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம்: சர்க்கரை போடாத கடுமையான தே-ஓவில் துருப்பிடித்த ஆணி ஒன்றை இரவு முழுவதும் போட்டு வையுங்கள். காலையில் தேநீர் மை போலக் கறுத்திருக்கும். தேயிலையிலுள்ள டானின் வகைப் பொருள்கள் செய்யும் வேலை அது. (குடிக்கவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.) துருவைக் குத்தினால் கம்பி உள்ளே போகிறது என்றாலோ, கூரையோரம் அமுங்குகிறது என்றாலோ அது தகடு தட்டிப் பற்றவைக்கும் பட்டறையின் வேலை. கூரைச்சட்டம் விபத்தில் காரின் வடிவத்தைக் காக்கும் பாகங்களில் ஒன்று; அங்கே மாவு அப்பிச் சாயம் பூசி மறைக்கச் சொல்பவரிடம் காரைக் கொடுக்கவேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

திரும்பப் பொருத்துவது

கழற்றிய கவ்விகளை மறுபடி போட ஆசைப்படாதீர்கள். இத்தனை ஆண்டு வெயிலில் காய்ந்த நெகிழி அது. உதிரிப்பாகக் கடையில் குறைந்த விலைக்குப் புதியவை கிடைக்கும். பழைய கவ்வி ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோங்கள்.

"பட்டையை நிரந்தரமாக ஒட்டிவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். பொருள்கள் சூட்டில் விரியும் அளவு வேறுபடும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள எஃகு, 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள அலுமினியம் 1.4 மில்லிமீட்டர். பிவிசியோ 4 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அதிகாலைக் குளிர்ச்சிக்கும் நண்பகல் கூரைச்சூட்டுக்கும் இடையே இந்த 40 பாகை வேறுபாடு நாள்தோறும் நடப்பதுதான். கவ்வி என்றால் பட்டை அதற்குள் வழுக்கி இடம் கொடுக்கும். இறுகிய பசை என்றால் நடுவில் புடைத்து எழும்பும். அதிலும் குளியலறைச் சுவரில் பூசும் சிலிக்கோனைப் பிழிந்து ஒட்டும் வழக்கத்தை நிறையப் பார்க்கிறேன். மூடியைத் திறந்ததும் வினிகர் மணம் வருகிறதா? அது இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடும் வகை. கீறல் விழுந்த எஃகின் மேல் அமிலத்தைப் பூசி, மேலே மூடியும் வைப்பதற்கு ஒப்பானது அந்த வைத்தியம்.

சுருங்கிய பட்டையை இழுத்துப் பிடித்து நீளத்தைச் சரிக்கட்டவும் கூடாது. ரப்பரும் நெகிழியும் இழுத்ததை மறப்பதில்லை. சில வாரத்தில் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும், அப்போது இடைவெளி முன்பக்கம் வந்து நிற்கும். பட்டையை நேராகக் கிடத்தி, முன்நுனியை முன்கண்ணாடி மூலையில் சரியாக உட்காரவைத்து, அங்கிருந்து பின்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். குறையும் நீளம் பின்பக்கம் விழட்டும்; எதிர்க்காற்று புகுவது முன்நுனியில்தான், பின்நுனியில் அன்று. இடைவெளி இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் புதிய பட்டையே வாங்கிவிடலாம்.

பொருத்தி முடித்ததும் முன்நுனியை நகத்தால் தூக்கிப் பாருங்கள். அசையக்கூடாது. முதல் பெருமழைக்குப் பிறகு ஒருமுறை, நெடுஞ்சாலையில் போய்வந்த பிறகு ஒருமுறை, அதே இடத்தை மறுபடி தொட்டுப் பாருங்கள்.